உள்ளே சொன்னது

வாயை மூடிக்கொண்டிருப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் என்று மேடத்தை எங்கள் ஆபீசில் கேலி செய்வோம். கேலியில் பாதி வயிற்றெரிச்சல். நாங்கள் எல்லாம் காலை ஒன்பது மணியிலிருந்து நாலரை வரை தொண்டை வறளக் கத்துகிறவர்கள். ஐ.டி. கார்டு எங்கே, தாடியை எடுத்துவிட்டு வா, அப்பாவுக்கு போன் போடு. அவரோ பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டதை யாரிடமும் சொல்லமாட்டார். அதுதான் அவருடைய உத்தியோகம்.

கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில், ஹைவேயை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரி. அதில் அவர் மாணவர் ஆலோசகர், நான் வருகைப் பதிவு கிளார்க். கல்லூரி நிற்கிற நிலத்தில் கூலிக்கு நாற்றுப் பறித்தவர் என் அப்பா. அந்த உரிமையில்தான் எனக்கு வேலை கிடைத்தது என்று அவர் கடைசிவரை நம்பினார். மேடத்தின் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. பெயர்களைத் தாளில் எழுதுவது அவருக்கு ஆகாத காரியம். அவரைப் பற்றிப் பேச எனக்கு அருகதை இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு இருந்த ஒரே நல்ல பெயரைக் கெடுத்தவன் நான்.

அவர் திருவள்ளூர்க்காரர். கோயில் மடப்பள்ளியில் கைங்கரியம் செய்கிற குடும்பம். பெரியபாளையத்தில் பஸ் மாறி வருவார். ஐம்பது வயது இருக்கும். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் எவர்சில்வர் டப்பாவில் தயிர்சாதம். அட்டெண்டரிலிருந்து தாளாளர் வரை எல்லோரையும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார். முதல் தடவை என்னை அப்படிக் கூப்பிட்டபோது பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். ஆபீசில் எனக்கு அதுவரை "யோவ்" என்பதுதான் பெயர்.

வந்த புதிதில் பிரின்சிபால் அறைக்குப் பக்கத்தில் ஏ.சி. போட்ட அறை ஒன்றைக் கொடுத்தார்கள். வாசலில் 'மாணவர் ஆலோசனை மையம்' என்று பித்தளையில் போர்டு. இரண்டே நாளில் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"இந்த போர்டுக்குக் கீழ எந்தப் பிள்ளை சார் நுழையும்? வாசல்ல நிக்கும்போதே பாதிக் காலேஜுக்குத் தெரிஞ்சிடுமே."

கேட்டு வாங்கியது சிவில் பிளாக் மாடிப்படிக்குக் கீழே, பழைய டிராயிங் போர்டுகளை அடைத்துவைத்திருந்த அறையை. அதற்கு இரண்டு கதவுகள். ஒன்று வராந்தாவுக்கு, இன்னொன்று நூலகத்தின் பின்பக்கத்துக்கு. வராந்தாக் கதவை எப்போதும் சாத்தியே வைத்திருப்பார். பிள்ளைகள் நூலகத்துக்குள் போவார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதாவது ஒரு புத்தகத்தோடு வெளியே வருவார்கள். எங்கள் கல்லூரி நூலகத்துக்கு அவ்வளவு கூட்டம் வந்தது மேடம் இருந்த நாலு வருஷத்தில்தான். நூலகர் அதைத் தன் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் ஒரு பழக்கம். வராந்தாவில், கேன்டீனில், பஸ் ஸ்டாப்பில் எங்கேயாவது ஒரு பிள்ளை "மேடம், ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தால் உடனே கையைக் காட்டி நிறுத்துவார். "இங்க சொல்றியா, உள்ள சொல்றியா?" என்று கேட்பார். இங்கே சொன்னால் அது பொது. அதை வைத்து அவர் யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சண்டை போடுவார். உள்ளே சொன்னால் அது அந்த அறையோடு சரி. சொன்ன பிள்ளையே வந்து "இதை எடுத்துக்கோங்க மேடம்" என்று அனுமதி கொடுக்கிறவரைக்கும் அதை அவர் தொடமாட்டார். ஒருநாள் ஹாஸ்டல் பையன் ஒருவன் சாம்பாரில் புழு கிடந்ததைப் பற்றி வாயெடுத்தான். இவர் வழக்கம்போலக் கேட்டார். "இங்கயே சொல்றேன் மேடம், இதுல இன்னா கீது" என்றான். அரை மணி நேரத்தில் மேடம் மெஸ் சமையல்கட்டில் நின்று கரண்டியைப் பிடுங்கி அண்டாவைக் கலக்கிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கெல்லாம் ஆச்சரியம்.

கல்லூரிக்குத் தரச்சான்று கொடுக்கிற ஆய்வுக் குழு வந்த வருஷம்தான் பெரிய கூத்து. எத்தனை பேருக்கு ஆலோசனை கொடுத்தீர்கள், பெயர், துறை, கையெழுத்து, போட்டோ எல்லாம் ஃபைலில் வேண்டும் என்று பிரின்சிபால் குதித்தார். மேடம் மாட்டேன் என்றார். போட்டோவாவது கொடுங்கள் என்று அவர் கெஞ்சும் நிலைக்கு வந்த பிறகு, மேடம் என் மேசைக்கு வந்து, "சார், வீட்ல எத்தனை சட்டை வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். மறுநாள் ஆறு சட்டை எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளைகள் உட்காருகிற நாற்காலியில் கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சட்டை. அந்த ஃபைலில் இருக்கிற ஆறு 'மாணவர்'களும் நான்தான். ஒரு படத்தில் என் பின்னந்தலை வழுக்கை பளிச்சென்று தெரிகிறது. ஆய்வுக் குழு திருப்தி தெரிவித்துவிட்டுப் போனது.

தெருவில் பார்த்தால் எந்தப் பிள்ளையையும் அவருக்குத் தெரியாது. ஒரு பையன், பதினோரு அரியர் வைத்திருந்தவன், எல்லாவற்றையும் எழுதித் தேறிவிட்டான். ஆர்.கே.பேட்டையிலிருந்து அவன் அம்மா ஒரு பை நிறைய மணிலாக்கொட்டை கொண்டுவந்து பஸ் ஸ்டாப்பில் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் புள்ளய நீங்கதான் காப்பாத்துனீங்களாமே." மேடம் அந்தப் பையனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருங்க இது? நான் பார்த்ததே இல்லையே" என்றார். அந்த அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. பையன் மட்டும் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

இப்படிப்பட்டவருக்கும் ஒரே ஒரு ஆளை நம்ப வேண்டியிருந்தது. அந்த ஆள் நான். எங்கள் கல்லூரியில் ஒரு பீரியட் வராவிட்டாலும் கம்ப்யூட்டர் தானாகவே அப்பாவின் போனுக்கு மெசேஜ் அனுப்பிவிடும். பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை, நாலு மணிக்கு ஒருமுறை. வகுப்பு நேரத்தில் மேடத்திடம் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு 'ஓ.டி.' என்று நான் பதிய வேண்டும். ஓ.டி. என்றால் கல்லூரி வேலையாகப் போயிருப்பதாகக் கணக்கு, மெசேஜ் போகாது. அதற்காகத் தினமும் பதினொன்றரைக்கு ஒரு துண்டுச் சீட்டோடு வருவார். அதில் பதிவு எண்கள் மட்டும் இருக்கும். நான் பதிந்து முடிக்கும்வரை நிற்பார்.

"கிழிச்சிடுங்க சார்."

நான் நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்ட பிறகுதான் நகர்வார். எண்ணைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடுகிற கிளார்க் நான் என்பது அவருக்கும் தெரியும். அதைப் பற்றி ஒருநாளும் அவர் எச்சரித்ததில்லை. சார் என்று கூப்பிட்டால் போதும் என்று நினைத்திருப்பார்.

அந்த எண்களில் ஒன்று எங்கள் கவரைப்பேட்டை ஜெப சபைப் பெண்ணுடையது. மூன்றாம் ஆண்டு, எலக்ட்ரானிக்ஸ். அப்பாவும் அம்மாவும் அத்திப்பட்டில் இருந்தார்கள். அப்பாவுக்கு அனல் மின் நிலையத்தில் ஒப்பந்தக் கூலி வேலை. கல்லூரிக்குப் பக்கம் என்று அவள் கவரைப்பேட்டையில் அக்கா வீட்டில் தங்கிப் படித்தாள். அக்காவின் புருஷன் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பெனிகளுக்கு ஆள் விடுகிற காண்டிராக்டரிடம் சூப்பர்வைசர். பேச்சில் மரியாதை, சபையில் முன்வரிசை, பாட்டுப் பாட நல்ல குரல். அந்தக் குடும்பத்தில் அவன் வைத்ததுதான் சட்டம்.

ஒருநாள் அந்தப் பெண் என் கவுன்டரில் ஹாஸ்டல் விண்ணப்பம் கேட்டாள். நான் சிரித்தேன். "ஏம்மா, உங்க அக்கா ஊடு நடக்குற தூரம். பதினஞ்சு கிலோமீட்டருக்குள்ள கீறவங்களுக்கு ஹாஸ்டல் கெடையாதுன்னு ரூல் கீது, தெரியாதா?" அவள் போய்விட்டாள். அடுத்த வாரம் மேடமே அந்த விண்ணப்பத்தோடு பிரின்சிபாலிடம் போனார். 'காரணம்' என்கிற கட்டம் காலியாக இருந்தது. காரணம் எழுதாமல் கையெழுத்துப் போடமுடியாது என்றார் பிரின்சிபால். எழுத முடியாது என்றார் மேடம். மூன்று தடவை போய்வந்தார். பிறகு வார்டனம்மாவைப் பிடித்து எப்படியோ சம்மதிக்க வைத்து, ஒரு கட்டிலைக் காலியாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அந்தப் பெண் அங்கே வந்துவிடலாம் என்று ஏற்பாடு.

அந்த மாதம் முடிவதற்கு முன்னால்தான் நான் என் வேலையைக் காட்டினேன். அன்று இன்டர்னல் மார்க் பதிவு. கவுன்டரில் நசநசவென்று கூட்டம். மேடம் நீட்டிய சீட்டை வாங்கி, "போட்டுடறேன் மேடம், நீங்க போங்க" என்றேன். அன்றைக்கு ஒருநாள்தான் அவர் நிற்காமல் போனார். சீட்டு என் சட்டைப் பையிலேயே இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அத்திப்பட்டில் ஒரு போன் மணியடித்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் அந்தப் பெண்ணின் அப்பா என்னை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். யூனிட் என்று நாங்கள் சொல்கிற மின்சார ரயிலேறி வந்த வேர்வை இன்னும் ஆறவில்லை. போனை நீட்டினார்.

"நைனா, இதுல இன்னா போட்டுகீது, படிச்சி சொல்லு. இங்கிலீஸ்ல கீது."

படித்தேன். மூன்றாவது, நாலாவது பீரியட் உங்கள் மகள் வகுப்பில் இல்லை.

"கிளாஸ்ல இல்லன்னா எங்க போச்சி அது? எவனோடயாச்சும் சுத்திக்கினு கீதா? நீ அங்கதான கீற, ஒளிக்காத சொல்லு நைனா. மருமவனுக்குத் தெரிஞ்சா பேஜாராய்டும்."

பெண்ணைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டாரே என்று எனக்குப் பதறியது. தப்பு என்னுடையது. ஓ.டி. போட மறந்துட்டேன் அண்ணே என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். என் வேலையில் நான் செய்த பிசகை ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதில் அந்தப் பெண்ணின் ரகசியம்தான் வந்தது.

"அய்யய்யோ, அப்டிலாம் ஒண்ணுமில்லண்ணே. காலேஜ்ல கவுன்சிலிங் மேடம் ஒருத்தங்க கீறாங்க. மனசு கஷ்டம் எதுனா இருந்தா புள்ளைங்க அவங்ககிட்ட சொல்லும். அங்கதான் போயிருக்குது. நல்ல இடம்தான். நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதண்ணே, என் வேலை போய்டும்."

"மனசு கஷ்டமா? எம் பொண்ணுக்கா?" அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "ஜெபக் குறிப்பு ஒண்ணு எழுதிக் குடு நைனா. எனக்கு எழுத வராது" என்றார்.

எங்கள் சபையில் ஜெபக் குறிப்புச் சீட்டை முன்னால் ஒரு பெட்டியில் போடுவோம். பாஸ்டர் ஒவ்வொன்றாகப் படிப்பார். எல்லோரும் கண்ணை மூடி அதற்காக ஜெபிப்போம். வேலை கிடைக்க, கிட்னி கல் கரைய, குடிப்பழக்கம் விட. சீட்டை நான்தான் எழுதினேன். மேடத்திடம் கற்றுக்கொண்ட புத்தியைப் பெயர் போடாமல் எழுதுவதில் காட்டினேன். 'பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் நம் சபை மகள் ஒருத்தி மனவேதனையினால் கல்லூரியில் ஆலோசனைக்குப் போகிறாள். அவள் மனம் சமாதானம் அடைய.' ரொம்பப் பாந்தமாக எழுதியிருப்பதாக நினைத்துக்கொண்டேன். எங்கள் சபையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிற பெண் வேறு யாருமே இல்லை என்பது அந்த நிமிஷத்தில் எனக்கு உறைக்கவே இல்லை.

பாஸ்டர் மைக்கில் படித்தார். எல்லோரும் கண்ணை மூடுவதற்குப் பதில் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஆண்கள் பக்கம் முன்வரிசையிலிருந்து அக்கா புருஷன் திரும்பினான். மற்றவர்கள் எல்லாம் பரிதாபத்தோடு பார்த்தார்கள். அவன் பார்வையில் பரிதாபம் இல்லை. பயம் இருந்தது. பாஸ்டர் படித்து முடித்த பிறகும் அவன் முகத்தை முன்பக்கம் திருப்பவில்லை. அவள் அப்பா மட்டும்தான் கண்ணை இறுக மூடி, உதடு அசைய, மனசார ஜெபித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. ஒரு வாரம் வரவில்லை. முதல் தேதியும் போய்விட்டது. வார்டனம்மா ஒதுக்கிய கட்டிலில் விரிப்புகூடப் போட்டிருந்தார்கள்.

"சார், இந்த நம்பருக்கு லீவ் லெட்டர் எதுவும் வந்துதா?" என்று மேடம் என்னிடம் இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றேன். மூன்றாவது தடவை கேட்டபோது என்னால் தாங்க முடியவில்லை. வராந்தாவில் அவர் பின்னாலேயே ஓடினேன்.

"மேடம், ஒண்ணு சொல்லணும்."

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். என்னிடமும் அதையேதான் கேட்டார். "இங்க சொல்றீங்களா, உள்ள சொல்றீங்களா சார்?"

வராந்தாவில் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னைக் கூட்டிக்கொண்டு நேரே பிரின்சிபாலிடம் போவார், அந்த அப்பாவிடம் போவார். யார் சொன்னது, எப்படி வெளியே போனது என்று எல்லாம் சந்திக்கு வரும். என் வேலை போகும். இவ்வளவையும் நான் நினைத்துப் பார்த்தேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்று இன்றைக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை.

"உள்ள மேடம்."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்தார். போட்டோவுக்காக ஆறு சட்டையில் உட்கார்ந்த நாற்காலியில் இந்தத் தடவை நிஜமாகவே உட்கார்ந்து, மறந்த சீட்டிலிருந்து ஜெபக் குறிப்பு வரை எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"படிச்சப்போ அவ அக்கா வீட்டுக்காரர் அங்க இருந்தாரா?"

இருந்தார் என்றேன். மேடத்தின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். அந்தப் பெண் எதற்காக நடக்கிற தூரத்தில் வீடு இருந்தும் ஹாஸ்டல் கேட்டாள், காரணம் எழுதும் கட்டம் ஏன் காலியாக இருந்தது, யாரிடமிருந்து அவள் தப்பிக்கப் பார்த்தாள் என்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அடுத்தவர் சொன்னதைப் பற்றி மேடம் வாய்விட்டது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரே தடவைதான். அதுவும் ஒரு கேள்வியாக.

நான் அழ ஆரம்பித்தேன். "அழாதீங்க சார், அதுக்கு நேரம் இல்ல. வீடு எங்கன்னு காட்டுங்க" என்றார்.

மத்தியானமே போனோம். நான் தெருமுனையில் பைக்கோடு நின்றுகொண்டேன். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். "உக்காரச் சொன்னாங்க. குளிர்ச்சியா குடிக்கக் குடுத்தாங்க. பொண்ணு ஊர்ல இல்லன்னாங்க" என்றார். பைக்கில் ஏறிய பிறகு, "கொடியில அவ சுடிதார் ஈரமா தொங்குது சார்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. என் மேல் வரவேண்டிய கோபம், அவர் மேல் வந்தது. "போலீசுக்குப் போங்க மேடம். அவன் யோக்கியதைய ஊருக்கே சொல்லுங்க. இன்னும் எதுக்கு மூடி மூடி வெக்கறீங்க?" என்று கத்தினேன்.

"அவ சம்மதிக்காம நான் போய்ச் சொன்னா, விசாரிக்க வர்றவங்க அவளத்தான் கேப்பாங்க. அவன் பக்கத்துல நிப்பான். இல்லவே இல்லம்பா அவ. அப்புறம் அவளுக்கு யாருமே கிடையாது சார்." கொஞ்ச தூரம் போனபிறகு, "ஒரு தடவை அவகூடத் தனியாப் பேசிட்டேன்னா போதும்" என்றார். அவள் தோழிகள் மூலம் சொல்லி அனுப்பினார், போன் செய்து பார்த்தார். போன் அவள் கையில் இல்லை. அவர் செய்தது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சில நாட்கள் அவரை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். சில நாட்கள் உலுக்கவேண்டும்போல இருக்கும்.

அதற்குள் கல்லூரியில் பேச்சு பரவிவிட்டது. கவுன்சிலிங் மேடம் அப்பாகிட்ட சொல்ட்டாங்களாம், அது சர்ச்சு மைக்ல வந்துச்சாம். யார் சொன்னது என்று வீட்டில் கேட்டபோது அந்த அப்பா, "காலேஜ்லர்ந்துதான் சொன்னாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார். யார்கிட்டயும் சொல்லாதே என்று நான் கேட்டுக்கொண்டதை அவர் மீறவில்லை. கல்லூரி என்றால் மேடம் என்று மீதியை எல்லோரும் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். நூலகம் காலியானது. பதினொன்றரைக்கு மேடம் என் மேசைக்கு வருவது நின்றது. எழுதுவதற்கு ஒரு எண்கூட அவரிடம் இல்லை.

பிறகு ஒருநாள் அக்கா புருஷனே கல்லூரிக்கு வந்தான், நியாயம் கேட்க. தாளாளர் அறையில் மேடத்தைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். வருகைப் பதிவேட்டோடு என்னையும் வரச்சொன்னார்கள்.

"எங்க ஊட்டுப் பொண்ண பைத்தியம்னு நாலு பேர் பேசற மாதிரி பண்ட்டாங்க சார். எங்களுக்கு மானம் மரியாத இல்லியா?" என்றான். கைகட்டி, பணிவாகத்தான் சொன்னான்.

தாளாளர் மேடத்தைப் பார்த்தார். "நீங்க சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"பின்ன யாரு சொன்னது?"

"சொல்ல முடியாது சார்."

"தெரியாதா, சொல்ல முடியாதா?"

"சொல்ல முடியாது."

நான் இரண்டடி தள்ளிப் பதிவேட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. தவறியாவது என்னைப் பார்த்துவிட்டால் மற்றவர்களும் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அவனை மட்டும் நேராகப் பார்த்தார்.

"அவ எப்படி இருக்கா?"

"எங்க ஊட்டு விஷயம் உங்களுக்கு இன்னாத்துக்கு மேடம்?" என்றான். அவரைப் பார்க்காமல், தாளாளரின் மேசைக்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான்.

அந்த வருஷத்தோடு மேடத்தின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. கடைசி நாளில் ஆபீசுக்கு வந்து சாவியைக் கொடுத்தார். எனக்கு ஒரு வார்த்தை வைத்திருப்பார், திட்டாகவாவது, என்று காத்திருந்தேன். "வரேன் சார்" என்றார். அவ்வளவுதான். மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் இப்போது வேலைவாய்ப்புப் பயிற்சி நடக்கிறது. ஆலோசனைக்கு ஒரு போன் நம்பரை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். அந்தத் தாளுக்கு முன்னால் நின்று யாரும் நம்பரைக் குறித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

ஆறேழு மாதம் கழித்து அந்தப் பெண் வந்தாள், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைத் திரும்ப வாங்க. கழுத்தில் ஒரு கம்பெனியின் அடையாள அட்டை. அக்கா புருஷன் ஆள் விடுகிற கம்பெனியில்தான், பேக்கிங் பிரிவில், அவனுக்குக் கீழே. காலையில் அவனோடு வேனில் போய், அவனோடு திரும்புகிறாள். பக்கத்திலேயே அவன் நின்றான். அவள் கைப்பையை அவன்தான் வைத்திருந்தான்.

ஆதார் நகல் ஒன்று வேண்டும் என்றேன். எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடை. அவன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான். ரோட்டைத் தாண்டித் திரும்பிவர மூன்று நிமிஷம் ஆகும்.

"அண்ணா, மேடம் கீறாங்களா?"

"இல்லம்மா. போய்ட்டாங்க."

அவள் கவுன்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொன்னாங்கண்ணா. எங்க அம்மாகிட்ட சொல்லாதத அவங்ககிட்ட சொன்னேன். ஏண்ணா அப்டி பண்ணாங்க?"

"மேடம் சொல்லியிருக்கமாட்டாங்கம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அவங்கள வுட்டா வேற யாருக்குத் தெரியும்?"

மேடம் போய்விட்டார். என் வேலை நிரந்தரமாகிவிட்டது. தாளாளர் அதையெல்லாம் மறந்துவிட்டார். நான்தான் என்று சொன்னால் என்னை இனி யாரும் ஒன்றும் செய்யப்போவதில்லை. சொன்னால், உலகத்தில் நம்பக்கூடிய ஆள் ஒருத்தர் இருந்தார், இன்னும் திருவள்ளூரில் இருக்கிறார், போய்ப் பார் என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியும். அந்த மூன்று நிமிஷத்தில் செய்ய வேண்டியது அது ஒன்றுதான். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவன் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு, லாரி போகட்டும் என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான்.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "பரவால்லண்ணா. இனிமே யார்கிட்டயும் எதுவும் சொல்றதில்லன்னு இருக்கறேன்."

அவன் உள்ளே வந்து நகலை நீட்டினான். நான் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் காட்டினேன்.